வரப்போரத்து உமரி

மௌனச்சாமி என்று பெயர்தான், ஆள் நன்றாகவே பேசுவார். சீடர் தைலப்பன் அவரைவிட வயதில் மூத்தவர். மண்ணைப் பார்த்த மாத்திரத்தில் தரம் சொல்லிவிடுவேன் என்று தைலப்பனுக்கு ஏகப்பட்ட பெருமை.

ஒருநாள் காலையில் தைலப்பனின் தங்கை அஞ்சலை மடத்துக்கு ஓடி வந்தாள்.

"அண்ணே, என் வயலைக் குஞ்சிதபாதம் கேக்குறாரு. அவரு கிணத்துக்குப் பக்கமாம். பதிலுக்கு அவரோட ரெண்டு வயல்ல எது வேணுமோ எடுத்துக்கங்குறாரு. எனக்கு இருக்கறதே இது ஒண்ணுதான். பயமா இருக்கு. நீ வந்து பாத்துச் சொல்லு."

சாமியும் கிளம்ப, மூவரும் போனார்கள். குஞ்சிதபாதம் குடையோடு காத்திருந்தார்.

முதல் வயல் உழுது தண்ணீர் பாய்ச்சி, கன்னங்கரேலென்று கிடந்தது. ஒரு புல் பூண்டு இல்லை.

"அடடா, அல்வா மாதிரி இருக்கே! கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்க அஞ்சலை" என்றார் தைலப்பன்.

குஞ்சிதபாதம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

அடுத்த வயலில் இடுப்பளவு களை.

"சீ! இதுல பாம்புதான் குடித்தனம் பண்ணும்" என்றார் தைலப்பன்.

சாமி திரும்பி வந்து முதல் வயலின் வரப்பில் மெதுவாக நடந்து போனார். ஓரத்தில் இருந்த ஒரு செடியைக் கிள்ளி நீட்டினார்.

"ஓய் தைலப்பரே, இதைத் தின்னு பாரும்."

தைலப்பன் மென்றார். முகம் கோணியது.

"தூ! உப்புக் கரிக்குது. உமரி, சாமி."

"உமரி எங்க முளைக்கும்?"

"உவர் நிலத்துல..." சொல்லும்போதே தைலப்பனுக்குக் குரல் இறங்கிவிட்டது. "ஆனா மண்ணு கறுப்பா இருக்கே?"

"நனைஞ்சா எல்லா மண்ணும் கறுப்புதான். வயலைச் சுத்தமா உழுதுட்டாரு. வரப்புல ஏர் ஓடாதே."

குஞ்சிதபாதத்துக்குத் திடீரென்று வீட்டில் வேலை நினைவுக்கு வந்தது. "எதுவா இருந்தாலும் எடுத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அஞ்சலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்லவேளை! உன் பேச்சைக் கேட்டிருந்தா நெல்லுக்குப் பதிலா உப்புதான் அளந்திருப்பேன், அண்ணே."

சாமி அடுத்த வயலில் இறங்கி ஒரு குப்பைக்கீரையைப் பிடுங்கினார். வேரோடு பொலபொலவென்று மண் உதிர்ந்தது. அதில் ஒரு மண்புழு நெளிந்தது. அஞ்சலை அந்த மண்ணை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுவே போதும் சாமி. இதையே எடுத்துக்கறேன்."

தைலப்பன் மட்டும் வரப்பைவிட்டு இறங்கவில்லை. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைச் சரிசெய்தபடி கேட்டார்:

"நல்ல மண்ணுன்னா இத்தனை களை எதுக்கு சாமி?"

சாமி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நல்ல மண்ணுல எல்லாம்தான் முளைக்கும். இறங்கி வந்து குனியும்."