பிடரியில் நடந்த சம்பந்தம்

அந்தக் காலத்தில் வாய்க்கு மட்டும்தான் பேச்சு என்ற ஏற்பாடு வந்திருக்கவில்லை. கை பேசும், வயிறு பேசும், மூளை எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசும். அப்போது சாத்தையன் என்று ஒருவன் இருந்தான். அவன் பரம சாது. அவன் உடம்புக்குள் குடியிருந்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அவன் மண்டைக்குள் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இடமூளையார் வீடு, அந்தப் பக்கம் வலமூளையார் வீடு. இருவரும் பங்காளிகள் இல்லை, வெறும் பக்கத்து வீட்டுக்காரர்கள். இடமூளையாருக்கு மகன் இடது கை. மகள் இசக்கியம்மை, இடது பக்கத்து நரம்பு. வலமூளையாருக்கும் அதே கணக்கில் மகன் வலது கை, மகள் செல்லக்கிளி. அப்பா மேலேயிருந்து சொல்வதை அண்ணனிடம் கொண்டு சேர்ப்பதும், அண்ணனுக்குச் சுட்டது, குத்தியது என்றால் மேலே ஓடிவந்து சொல்வதும் இந்தப் பெண்களின் வேலை.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது, ஒரு கொசு வரும்வரை. அது சாத்தையனின் இடது கன்னத்தில் உட்கார்ந்தது. வலது கை உதவி செய்யும் எண்ணத்தில் ஓங்கி ஓர் அறை விட்டது. கொசு பறந்துவிட்டது. அறை மட்டும் கன்னத்தில் தங்கிவிட்டது.

"ஓய்! உம்ம பையன் அடிச்சது கொசுவையா, என்னையா?" என்று சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து இடமூளையார் கத்தினார்.

"கொசு வந்து உட்கார்றது தெரியாமத் தூங்குறவருக்கு இம்புட்டு ரோசமா?" என்றார் வலமூளையார்.

அவ்வளவுதான். இடது கை எழுந்து வலது கன்னத்தில் ஒன்று போட்டது. பிறகு எது எதை அடித்தது என்று எண்ண ஆளில்லை. வலது கை கஞ்சிக் கலயத்தைத் தூக்கினால் இடது கை தட்டிக் கொட்டும். இடது கால் ஆற்றுக்குப் போகலாம் என்றால் வலது கால் காட்டுக்கு இழுக்கும். பாவம் சாத்தையன், நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றி விழுவான். மூன்று நாள் பச்சைத்தண்ணீர்கூட உள்ளே போகவில்லை.

வயிறு அழுதது. இதயம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னது: "இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அடிப்பேன். அதுக்கு மேல என்னால ஆகாது. அப்புறம் நீங்க சண்டை போட உடம்பே இருக்காது, பாத்துக்கோங்க."

அப்போது கழுத்தார் குறுக்கே வந்தார். இரண்டு வீட்டையும் சுமப்பவர் அவர் என்பதால் அவர் பேச்சுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. "பெண் கொடுத்துப் பெண் எடுங்க. இசக்கி வலது கைக்கு, செல்லக்கிளி இடது கைக்கு. பெத்த மகள் வாழுற வீட்டை எவன் அடிப்பான்? பிடரியிலேயே கல்யாணத்தை வச்சிக்கலாம்," என்றார்.

உயிர்ப்பயத்தில் இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அவசரக் கல்யாணம் ஆகையால் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க நேரமில்லை. எல்லோருக்கும் வாய்வார்த்தைதான். மூக்குக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. "நடு முகத்துல இருக்கேன், எனக்குப் பாக்கு வைக்க ஆளில்லையா? உங்க சம்பந்தமும் வேண்டாம், பந்தமும் வேண்டாம்," என்று முறுக்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது.

பிடரியில் இரண்டு வீட்டாரும் கூடினார்கள். கூடிய இடத்தில் புதுச் சிக்கல்.

"முதல்ல அவர் பொண்ணை அனுப்பட்டும்," என்றார் இடமூளையார்.

"எதுக்கு? பொண்ணை வாங்கிக்கிட்டு உம்ம பொண்ணைத் தராம ஏமாத்தவா? முதல்ல நீர் அனுப்பும்!"

"நான் என்ன இளிச்சவாயனா?"

கழுத்தார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கெஞ்சிச் சுளுக்கிக்கொண்டார். கீழே சாத்தையன் கஞ்சிக் கலயத்தின் பக்கத்தில் கண் செருகிக் கிடந்தான். இதயம் ஓர் அடி அடித்தது. அடுத்த அடியைக் காணோம்.

இசக்கியம்மைக்குத்தான் முதலில் பதறியது. செல்லக்கிளியின் காதில் சொன்னாள்: "எங்க அப்பாவும் உங்க அப்பாவும் பேசி முடிக்கதுக்குள்ள இவன் செத்துருவான். முகூர்த்தமும் வேண்டாம், மேளமும் வேண்டாம். நீ எங்க பக்கம் வா, நான் உங்க பக்கம் போறேன். ரெண்டு பேரும் ஒரே சமயத்துல தாண்டிருவோம்."

"அப்பா திட்டுவாரே?"

"திட்டுறதுக்கு அவர் இருக்கணும்ல? வா!"

இருவரும் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தார்கள். பிடரியில் ஒருத்தியை ஒருத்தி உரசிக்கொண்டு, இவள் அந்தப் பக்கமும் அவள் இந்தப் பக்கமுமாக இறங்கிவிட்டார்கள்.

இடமூளையாருக்குத் தலைகால் புரியவில்லை. வலது கை கலயத்தை நோக்கி நீண்டதும், பழைய ஆத்திரத்தில், "கலயத்தைத் தட்டிவிடு!" என்று கத்தினார். பதில் வலது கையிலிருந்து வந்தது.

"அப்பா, இது இப்போ என் வீடு. என் புருஷன் மூணு நாள் கழிச்சுக் கஞ்சியைத் தொடுறார். அதையா கொட்டச் சொல்றீங்க?"

மகள் குரலைக் கேட்டதும் இடமூளையாருக்கு ஆத்திரம் இறங்கிவிட்டது. "தூக்கும்மா. பார்த்துத் தூக்கு, சிந்திரப்போகுது," என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் வலமூளையாரும் செல்லக்கிளியிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் சேர்ந்து கலயத்தைத் தூக்கின. சாத்தையன் ஒரு சொட்டு விடாமல் குடித்தான். இதயம் மறுபடி அடிக்கத் தொடங்கியது.

வலது கையை இடது மூளையும், இடது கையை வலது மூளையும் ஆள்வது அந்தக் கல்யாணத்திலிருந்துதான். மூக்கு மட்டும் இன்றைக்கும் பக்கம் மாறாமல், இடது துளையின் வாசனையை இடப்பக்கத்துக்கே சொல்லிக்கொண்டிருக்கிறது. இடது கை விரல் கதவிடுக்கில் நசுங்கும்போது, யாரும் கூப்பிடாமலே வலது கை ஓடிவந்து பொத்திக்கொள்கிறதே, அதுவும் அன்று முதல்தான். அடிபட்டது இசக்கியம்மையின் அண்ணன். புருஷனை இழுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு ஓடாமல் அவளால் எப்படி இருக்க முடியும்?