கோமதி அழுத்திய மண்

குற்றால மலையடிவாரத்து ஆசிரமம் ஒன்றில் உலகம்மை என்றொரு குரு இருந்தார். அவருடைய சீடர் ஆவுடையப்பன் அவரைவிடப் பதினெட்டு வயது மூத்தவர், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்த மனிதர், இடுப்பில் ஒரு மல்லிகைத் தொட்டியை இடுக்கிக்கொண்டுதான் வந்தார். குரு தொட்டியைப் பார்த்துச் சிரித்ததோடு சரி.

அது அவர் மனைவி கோமதி நட்ட செடி. அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. அந்தத் தொட்டியை வேறு யாரும் தொடக் கூடாது.

இந்த வருஷம் செடி வாடத் தொடங்கியது. பாவம், மனிதர் ஆடிப்போய்விட்டார். காலையில் தண்ணீர், மதியம் தண்ணீர், சாயங்காலமும் தண்ணீர். ஒவ்வொரு இலையாகத் துடைத்து வேப்பெண்ணெய் தெளித்தார். தியானத்துக்கு உட்கார்ந்தாலும் ஒரு கண் தொட்டிமேல்தான்.

ஒருநாள் தொட்டியோடு குருவின் முன்னால் வந்து நின்றார்.

“இலையில ஒரு பூச்சி இல்லம்மா. நான் ஒரு குறையும் வைக்கல. ஏன் வாடுது?”

குரு தொட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தார். தண்ணீர் வடியும் துளை வழியே எறும்புகள் வரிசையாகப் போய்வந்துகொண்டிருந்தன.

“வேரைப் பாக்கணும். கவுத்துங்க.”

“வேண்டாம்மா. அவ கையால அழுத்தின மண்ணு. நான் கிளறினதுகூட இல்ல.”

“அப்ப வாடட்டும்” என்று குரு கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் தொட்டியின் எதிரே குந்தி உட்கார்ந்தார். பிறகு தானாகவே தொட்டியைச் சாய்த்து, பக்கத்தில் தட்டி, செடியை மண்கட்டியோடு உருவினார். வேரெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. தொட்டியின் உட்புறத்திலும் அதே வெள்ளை.

“பூசணம்தாம்மா” என்றார், போன உயிர் திரும்பியவராக. “ஈரம் அதிகமாயிட்டு. வெயில்ல வச்சா போயிரும்.”

“விரலால நசுக்கிப் பாருங்க.”

நசுக்கினார். பிசுபிசுத்தது. குரு தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அதை வேருக்கு மேலே பிடித்துப் பார்த்தார் ஆவுடையப்பன். அரிசிக் குருணையைவிடச் சின்னதாக ஒன்று, உடம்பெல்லாம் மாவு பூசிக்கொண்டு, மெல்ல நகர்ந்தது.

“வேர்ல வாழுற மாவுப்பூச்சி” என்றார் குரு. “சாறை உறிஞ்சுது. இது விடுற இனிப்புக்குத்தான் எறும்பு வருது. மண்ணு பூராத்தையும் கழுவி எடுத்து, கெட்ட வேரை வெட்டி, புது மண்ணுல வைக்கணும்.”

“பூராத்தையுமா? ஒரு கைப்பிடி வச்சுக்கிடுதேனே.”

“அதுலயும் முட்டை இருக்கும் ஐயா.”

வாளித் தண்ணீரில் அவரே மண்ணைக் கரைத்தார். பெரிய பெரிய ரயில்களை ஓட்டிய அந்தக் கைகள் ஒவ்வொரு வேராக விலக்கி அலசின. குரு பக்கத்தில் உட்கார்ந்து, அழுகிப்போன வேர்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்தார். அவசரப்படுத்தவில்லை. அவர்மேல் குருவுக்கு அத்தனை பிரியம்.

கடைசி மண்ணும் கரைந்ததும் ஆவுடையப்பன் அழுதேவிட்டார்.

“இதுவும் போயிட்டு. அவ நட்டதுல இனி எனக்கு என்னம்மா மிச்சம்?”

குரு வாளியிலிருந்து செடியை எடுத்தார். ஆவுடையப்பனின் இரண்டு கைகளையும் விரித்து அதில் வைத்தார்.

“அவங்க மண்ணையா நட்டாங்க? பிடிங்க, வேர் காயுது.”