புளியமரத்தில் மாட்டிய மெஷின்

வெண்ணெய்க்குட்டை என்ற ஊரில் அறிவுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. யாரும் அதை எடுத்துச் செலவழித்ததில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் நாச்சிமுத்துவின் மகள் வடிவுக்கு அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு நிச்சயம். ஏற்கெனவே பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் ஊர்க்காரர்களோடு பத்து நிமிஷம் பேசிவிட்டு, செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடியிருந்தன. இதுவும் தட்டிப்போய்விடுமோ என்று மனுஷன் பயந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஊருக்கு இருந்த ஒரே ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் சாய்ந்து கிடந்தது.

நாச்சிமுத்துவிடம் மரம் அறுக்கும் மெஷின் இருந்தது. எடுத்து ஓட்டினார். பாதி அறுத்ததும் மரம் மெஷினைக் கவ்விக்கொண்டது, செயினும் அறுந்துபோனது. டவுன் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, செயின் போய்விட்டது என்று மட்டும் சொன்னார்.

"புது மெஷின் விலையில பாதிக்கு மேல செலவு போச்சுன்னா ரிப்பேரே வேண்டாங்க" என்றார் மெக்கானிக். "நீங்களா நோண்டினா செலவு ஏறிப்போகும். இருக்கறபடியே கொண்டாங்க."

ஊர் கூடி யோசித்தது.

"இருக்கறபடின்னா, மரத்துக்குள்ளதானே இருக்குது" என்றார் மாரண்ணன்.

"அப்ப மரத்தோடதான் கொண்டுபோகோணும்" என்றார் சென்னியப்பன். ஊரில் சிக்கலான விஷயங்களை அவரிடம்தான் விடுவார்கள்.

"முப்பதடி மரம் டிராக்டர்ல ஏறாதுங்களே."

"ரெண்டு பக்கமும் அறுத்து, நடுத்துண்டை மட்டும் ஏத்துவோம். பக்கத்தூர்ல மெஷின் இரவல் கேளுங்க."

இரவல் மெஷின் வந்தது. மாட்டிய மெஷினுக்கு நோகாமல் பக்கத்துக்கு ஐந்தடி விட்டு அறுத்து, துண்டை டிராக்டரில் ஏற்றினார்கள். டிராக்டர் போக வழி வேண்டுமே என்று மீதி இரண்டு துண்டுகளையும் ரோட்டோரம் உருட்டிவிட்டு, இரவல் மெஷினை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். டவுன் போகும் வழியெல்லாம் நாச்சிமுத்துவுக்கு ஒரே கவலை. மெஷின் சரியாகாவிட்டால் ரோட்டை எப்படித் திறப்பது?

மெக்கானிக் அந்தக் கட்டையை வெகுநேரம் பார்த்தார். ஒரு டீ குடித்தார். பிறகு ஆப்பு அடித்து மெஷினை உருவி, புது செயின் மாட்டி, எழுநூறு ரூபாய் கேட்டார்.

சென்னியப்பனுக்கு அது சரியாகப் படவில்லை. "பாதிக்கு மேலதான் போகக் கூடாதுன்னீங்க. பாதி வரைக்கும் போகோணுமில்லீங்க?"

"எழுநூறு போதும்" என்று மெக்கானிக் கும்பிட்டார். "ஊருக்குப் போய், விட்ட இடத்துலயே வெச்சு அறுத்துப் பாருங்க. ஓடலைன்னா இன்னைக்கே கொண்டாங்க, காசில்லாம பாத்துத் தர்றேன்."

கட்டையைக் கடையிலேயே போட்டுவிட்டு, மூன்றரை மணிக்கு ஊர் திரும்பினார்கள். ரோடு காலியாகக் கிடந்தது. நாச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னைக்கே அறுத்துப் பாக்கச் சொன்னாரே. மரத்தைக் காணமே."

இருபது பேர் சேர்ந்து ரோட்டோரத் துண்டுகளை மறுபடி உருட்டி, காலையில் கிடந்தபடியே குறுக்கே போட்டார்கள். நடுவில் மட்டும் பத்தடி இடைவெளி இருந்தது. அதற்குள் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து ஹாரன் அடித்தது.

நாச்சிமுத்து வேனைக் கையைக் காட்டி நிறுத்தினார். இடைவெளிக்கு நடுவில் போய் நின்று, "விட்ட இடம் இதுதான்" என்று அளந்து பார்த்து மெஷினை ஓடவிட்டார். மேலிருந்து கீழே வரைக்கும் ஒரே இழுப்பு. எங்கேயும் சிக்கவில்லை.

"வெண்ணெயாட்டம் அறுக்குது" என்றார். ஊரே பெருமூச்சு விட்டது.

மாப்பிள்ளையின் அப்பா வேனிலிருந்து இறங்கினார். குனிந்து தரையைப் பார்த்தார். இடைவெளியைப் பார்த்தார். நாச்சிமுத்துவின் கண் தன்னையறியாமல் அவர் செருப்பின் மேல் போனது.

"சம்பந்தி" என்றார் அவர் கடைசியில். "இம்புட்டு அறுத்தும் தூள்கூட விழலையே. எங்க பண்ணுனீங்க ரிப்பேரு?"

"டவுன்லதானுங்க. எழுநூறுதான் ஆச்சு."

"எங்க மெஷினும் ரெண்டு வருசமாக் கெணத்துக்குள்ள கெடக்குது. அவர்கிட்டயே காட்டோணும்."

"கொண்டுபோங்க" என்றார் சென்னியப்பன். "ஆனா, இருக்கறபடியே கேப்பாருங்க."

நான்கு மணிக்கு நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. ஐந்து மணிக்கு இரண்டு ஊர்க்காரர்களும் கடப்பாரை, மண்வெட்டியோடு கிணற்றைத் தோண்டி எடுக்கக் கிளம்பினார்கள். டிராக்டர் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்பதுதான் பாக்கிச் சந்தேகம்.