உடையாத உருண்டை

சிரிக்க ஒரு கதை சொல்கிறேன். ஆனால் சிரிப்பு கடைசியில்தான் வரும். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஒரு சாவு இருக்கிறது.

சீடருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் தங்கப்பழம், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

குருவுக்கு முப்பத்திரண்டு. பெயர் சபூரா, நாற்றுப் பண்ணைக்காரி.

"வீட்டுக்குப் பின்னால ஒரு பாய் விரிக்கிற இடம் இருக்கும்மா," என்றார் தங்கப்பழம். "மத்ததெல்லாம் சிமெண்டு. அதுவும் சுத்தக் களிமண்ணு. அங்க வெண்டை போடணும்."

"போட்டாப் போச்சு."

"விதை என் வீட்டுக்காரி எடுத்து வச்சது. மூணு வருசப் பழசு. இந்த ஆடியும் போச்சுன்னா முளைக்காது. இனி அவ கையால விதை வராது."

"எப்போ தவறினாங்க?"

"சித்திரையில."

சபூரா கையிலிருந்த நாற்றுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"மண்ணை ஒரு பிடி எடுத்து உருட்டுங்க அண்ணாச்சி. இடுப்பு உயரத்துல இருந்து கீழ போடுங்க. உதிர்ந்தா வாங்க, மக்கின எரு தாரேன். உதிரலன்னா மண்வெட்டியைத் தொடாதீங்க."

மறுநாள் வந்தார்.

"உதிரல."

"ஈரம். காயட்டும்."

நான்காம் நாள்.

"அப்படியே கொத்திரட்டுமா?"

"கொத்துங்க. செங்கல் கிடைக்கும்."

எட்டாம் நாள்.

"மணல் கலந்தா?"

"சுவரே கட்டலாம்."

பதினைந்தாம் நாள் முகத்தில் ஒரு வாரத் தாடி.

"ஊரே வெடிச்சுக் கிடக்கு. என் மண்ணு மட்டும் காய மாட்டேங்குது. அவளுக்கே இஷ்டமில்ல போல. ஆடி முடிய ஆறு நாள்தான்."

"மழை பெஞ்சுதா அங்க?"

"ஒரு சொட்டு இல்ல."



மறுநாள் காலையில் சபூரா ஒரு குடையோடு அவர் வீட்டுக்கே போனாள். பின்பக்கம் இரண்டு வாளி நிறையத் தண்ணீர். ஒன்றைக் களிமண்ணில் கவிழ்த்துக்கொண்டிருந்தார் தங்கப்பழம்.

"என்ன அண்ணாச்சி இது?"

"அவளைக் கடைசியாக் குளிப்பாட்டினது இங்கதான்," என்றார். "தினமும் ரெண்டு வாளி ஊத்துறேன். ஊத்தலன்னா மனசு கேக்காது."

சபூரா செருப்பைக் கழற்றினாள். சேற்றின் நடுவில் போய் நின்றாள். குடையை விரித்தாள்.

தங்கப்பழம் வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை.

"மழையே இல்லையேம்மா," என்றபடி இரண்டாவது வாளியைத் தூக்கினார். "எதுக்குக் குடை…"

வாளி பாதியில் நின்றது.

"அட! பெய்யிறது நாந்தானா?"