மிதிக்காத மண்

ஈச்சங்காட்டில் ஒரு குளம் இருந்தது. அதன் கரையைக் கட்டியது எந்த ராஜாவும் இல்லை. விலங்குகளே கூலி வாங்காமல் கட்டின. "யாரும் குடிக்கலாம், யாரும் மண் போடலாம்!" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்.

ஒரே ஒரு சட்டம் உண்டு. புதிதாகப் போட்ட மண்ணை விலங்குகளின் சபையில் இரண்டு பேர் மிதித்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பொழுது சாய்வதற்குள் யாரும் மிதிக்காவிட்டால் அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் பெருச்சாளியைக் கண்டால் மட்டும்தான் சபைக்கு அது ஞாபகம் வரும்!

வளை தோண்டுகிற பிறவி என்று பெருச்சாளிமேல் எல்லோருக்கும் சந்தேகம். அது போட்ட மண்ணில் பாதி, மிதிக்க ஆளில்லாமலே சுரண்டப்பட்டது. கரை கட்டிய காலத்து ஆளான நீர்நாயோ, மண்ணை அப்பிவிட்டுத் திரும்பிப் பாராமல் போகும். அந்த மண்ணை யாரும் மிதித்ததில்லை, சுரண்டியதும் இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்!

ஆனாலும் பெருச்சாளி தினமும் வந்தது. வளையில் கண் திறக்காத குட்டிகள். குட்டிகளை விட்டுவிட்டுப் போய்வருகிற தூரத்தில் வேறு தண்ணீர் கிடையாது. தாய்க்குத் தண்ணீர் இல்லையென்றால் குட்டிக்குப் பால் ஏது?

கோடையில் ஒருநாள் நீர்நாய் அப்பிய இடம் கசிந்தது. பெருச்சாளி பதறிப்போய்க் களிமண்ணை அடைத்துவிட்டுச் சபைக்கு ஓடியது.

"ஆமையண்ணே! பெரிய கசிவு! அடைச்சிருக்கேன், வந்து மிதிச்சுடுங்க!"

"இரும்மா!" என்றது சபைத் தலைவர் ஆமை. "மிதிக்கிறது ஒரு காலாலயா, நாலு காலாலயான்னு பேசிக்கிட்டிருக்கோம்."

"ஒரு கால்தான் முறை!" என்றது கொக்கு.

"என் மண்ணுல யாரைக் கேட்டுக் கை வச்சே?" என்று சீறியது நீர்நாய்.

"உங்க மண்ணை யாரு மிதிச்சாங்க?" பெருச்சாளி தாங்கமாட்டாமல் கத்திவிட்டது.

"பார்த்தீங்களா பேச்சை!" என்றது கொக்கு. "சபையில குரல் உசத்தினவ மழை வர்ற வரைக்கும் கரைப் பக்கம் வரக் கூடாது!"

பொழுது சாய்ந்தது. கால் வழக்கு தீரவில்லை. சட்டம் சட்டம்தானே! கொக்கும் நீர்நாயும் போய் அந்தக் களிமண்ணைச் சுரண்டின.

"எடுக்காதீங்க! ஐயோ, எடுக்காதீங்க!" என்று தூரத்திலிருந்து அலறியது பெருச்சாளி.

முதலில் ஒரு இழை தண்ணீர் வந்தது. பிறகு கரையே சரிந்தது. விடிந்தபோது குளத்தில் சேறும், வாய் பிளந்த மீன்களும்தான் மிச்சம்.

சபை கூடியது. "பெருச்சாளி வளை தோண்டினதாலதான் கரை போச்சு!" என்று முடிவு செய்தது. அந்தச் சபை ஒருமனதாகச் செய்த முதல் முடிவு அதுதான். நீர்நாய் ஆற்றுக்குப் போனது. கொக்கு வேறு குளத்துக்குப் பறந்தது.

வளையில் குட்டிகள் வற்றிய காம்பைச் சப்பிச் சப்பி ஓய்ந்தன. ஒன்றும் பிழைக்கவில்லை.

சில நாள் கழித்து ஆமை வந்தது. "புதுக் கரை கட்டணும்மா. உன்னை மாதிரி உழைக்க யாரு இருக்கா? வா. சட்டம் மட்டும் பழையதுதான்."

பெருச்சாளி வளை வாயில் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தது. அந்த மண்ணை மிதித்துப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆள் பார்த்துச் சட்டம் பேசும் சபை தன் கரையைத் தானே உடைக்கும். அந்த உடைப்பில் முதலில் போவது, அங்கே சொல் எடுபடாதவரின் பிள்ளைகள்.