சுடலைக்குயில் முட்டை

எங்கள் மடத்தில் குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். உலகம்மைக்கு நாற்பது தாண்டவில்லை. தெய்வநாயகம் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆகி வந்தவர். அம்மை அவரை "ஐயா" என்பாள். அவர் அம்மையை "தாயே" என்பார். மடைப்பள்ளியில் கிடந்து வேகிற எனக்கு அவர் வெறும் மாஸ்டர்.

வீடு, நிலம் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கு எழுதிவைத்துவிட்டு வந்த மனுஷர், ஒரு தேக்குப் பெட்டியை மட்டும் விடவில்லை. திறந்தால் பஞ்சு மெத்தை, அதில் குழி குழியாகப் பறவை முட்டைகள். மீன்கொத்தி, பனங்காடை, ஆள்காட்டி என்று வேலை பார்த்த ஊரிலெல்லாம் தேடிச் சேர்த்தவை. ஊசியால் துளை போட்டு, உள்ளே இருப்பதை ஊதித் தள்ளிவிட்டு, மேல் ஓட்டை மட்டும் காயவைத்து எடுப்பாராம்.

"சைவ மடத்துக்குள்ள முட்டையா!" என்று நான் குதித்தேன்.

"உள்ள ஒண்ணுமில்ல சடையா. வெறும் ஓடு."

அம்மை சிரித்துவிட்டாள். பெட்டி மடத்திலேயே தங்கிவிட்டது.

பெட்டியில் ஒரே ஒரு குழி காலி. சுடலைக்குயில் முட்டைக்கு வைத்த இடம் அது. அந்தக் கள்ளி கூடு கட்டுகிற ஜாதி இல்லை. தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிட்டுவிட்டு நைசாகப் போய்விடும்.

ஒருநாள் பூசை முடிந்ததும் மாஸ்டர் கேட்டார்: "தாயே, எல்லாத்தையும் விட்டாச்சு. கண்ணை மூடினா அந்தக் குழிதான் தெரியுது. என் மனசு எப்பதான் நிறையும்?"

அம்மை திருநீற்றுத் தட்டை அவர் பக்கம் நீட்டினாள்.

சாரல் தொடங்கிய சமயம். மாஸ்டர் வேட்டியை முள்ளில் கிழித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"தாயே! மடைப்பள்ளிக்குப் பின்னால எலுமிச்சையில தவிட்டுக்குருவி கூடு. அதுல சுடலைக்குயில் உக்காந்துட்டுப் போறதக் கண்ணால பாத்தேன். நாலு முட்டை கெடக்கு. ஒண்ணு அவளோடது. எடுத்துக்கிடட்டுமா?"

"எடுத்துக்கிடுங்க ஐயா. அவளோடத மட்டும். தவிட்டுக்குருவியோடது ஒண்ணுகூட வரப்படாது."

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பறந்தார். போன வேகத்தில் திரும்பியும் வந்தார்.

"நாலும் ஒரே நீலம். எது எவளோடதுன்னு தெரியல. அடைகாக்குற குருவிக்கே தெரியல, எனக்கு எப்படித் தெரியும்?"

"பொறுத்தா தெரிஞ்சிருமே."

"பொறுத்தா உள்ள குஞ்சு உருவாயிரும் தாயே! அப்புறம் ஊத முடியாது."

"ஆமா" என்றாள் அம்மை, விளக்குத் திரியைத் தூண்டியபடி.

மனுஷருக்கு வந்ததே கோபம்! அன்று என் ரசத்தைத் தொடவில்லை.

மறுநாள் அவர் கூட்டிலிருந்து ஒரு முட்டையை எடுப்பதைப் பார்த்தேன். இடுப்பில் ஊசி இருந்தது. விரலிடுக்கில் பிடித்து வெயிலில் காட்டிப் பார்த்தார். வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.

"தவறி அந்தப் பாவப்பட்ட குருவியோடதா இருந்துட்டா?" என்றார் என்னிடம்.

அதற்குப் பிறகு எலுமிச்சையடியே கதி என்று கிடந்தார். காக்கா வந்தால் குடையை ஓங்கிக்கொண்டு ஓடுவார். ஒரு எலுமிச்சங்காய் பறிக்க என்னை விடவில்லை. மடத்தில் ஊறுகாய் போடாத வருஷம் அது ஒன்றுதான். நாள் போகப் போக, ஊத முடியாத பக்குவம் தாண்டிவிட்டது என்று எனக்கே தெரிந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஒரு காலையில் கூப்பாடு போட்டார். "சடையா! ஓடிவாடே!"

மூன்று முட்டை அப்படியே இருந்தது. நாலாவது பொரிந்து, இறகு முளைக்காத ஒரு பொடிக் குஞ்சு தலையைத் தூக்கி வாயைப் பிளந்தது.

"வாயப் பாருடே, செக்கச்செவேல்னு! தவிட்டுக்குருவிக் குஞ்சுக்கு வாய் மஞ்சள். இவன்தான்! இத்தன வருஷமா நான் தேடுனவன் இவன்தான்!"

அந்நேரம் தவிட்டுக்குருவி புழுவோடு வந்து அந்தச் சிவப்பு வாயில் திணித்தது. மாஸ்டர் சின்னப்பிள்ளை மாதிரி கைகொட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வேறு. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

குருவி கொத்திக்கொண்டுவந்து போட்ட நீல ஓடு ஒன்று கிணற்றடியில் கிடந்தது. பாதிதான் இருந்தது. எடுத்து அம்மையிடம் கொடுத்தேன். அவள் தேக்குப் பெட்டியைத் திறந்து, காலிக் குழியில் அதை வைத்தாள்.

சாப்பிட வந்த மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஐயோ தாயே, உடைஞ்சத இதுல வைக்கப்படாது. முழு முட்டைதான் சேர்த்தி."

அம்மை பெட்டியை அவர் பக்கம் திருப்பினாள்.

"உடைஞ்சதா ஐயா? இத்தனையிலயும் வந்த வேலைய முடிச்சது இது ஒண்ணுதானே."