கொலுசு கறுக்காமல் இருக்க

மிராசுதார் சிதம்பரநாதரின் மகள் தையல்நாயகி, மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வலங்கைமானுக்குப் போய்விட்டாள். "எனக்கு மக இல்லை, செத்துட்டா" என்று ஊர் முன்னால் அவளைத் தலைமுழுகினார் அவர். ஆனால் அவளுடைய நகைகளைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டார்.

வேலைக்காரி காத்தாயி தங்கத்தைப் பூந்திக்கொட்டை நீரில் கழுவுவாள். வெள்ளியைத் திருநீறு போட்டுத் துலக்குவாள். தனித்தனித் துணியில் சுற்றி வைப்பாள். தங்கம் அப்படியே இருக்கும், கொலுசு மட்டும் திரும்பவும் கறுத்துவிடும்.

"இனிமே இது கறுத்துச்சுன்னா உனக்கு இங்க வேலை இல்லை" என்றார் மிராசுதார்.

"கறுக்காம வைக்க ஒரு வழி இருக்கு எசமான். அதுக்கு வேண்டியது நம்ம வீட்டுல இல்லை."

"எங்க இருக்குன்னு சொல்லு. நானே போய்க் கொண்டாறேன்."

"தினம் கால்ல கிடக்கிற வெள்ளி கறுக்காது எசமான். சின்னம்மா கால் வலங்கைமான்ல இருக்கு."

மிராசுதார் கொலுசை மடியில் முடிந்துகொண்டு வண்டி ஏறினார்.

நாற்று நட்டு வீங்கிப்போன காலை மகள் நீட்டினாள். கொலுசின் கொக்கி எட்டவில்லை. அவர் குனிந்தபடி அதை மாட்ட முயன்றுகொண்டே இருந்தார்.